ஒரு பல் தள்ளி ஓடிய கார்

காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு மாடி ஜன்னலைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு முன்சக்கரம். கார் இல்லாமல் தனியாக, கீழே ஒர்க்‌ஷாப் சுவரில் சாய்ந்து நின்றது. அதன் உள்வளையத்தில் இரவு பெய்த மழை கையளவு தேங்கியிருந்தது. ஒரு காகம் அதற்குள் தலையை விட்டுக் குடித்தது, நிமிர்ந்து என்னைப் பார்த்தது, மறுபடி குடித்தது.

அன்று ஹர்த்தால், முழுக் கடையடைப்பு. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. மற்ற நாட்களில் தெருமுனைக் கிடங்குக்குச் சுக்கு மூட்டை ஏற்ற வரும் லாரி பின்வாங்கும் சத்தத்தில்தான் கண் விழிப்பேன். அன்று அந்தச் சத்தம் வராததால் விழித்துக்கொண்டேன். தெரு நடுவில் மூன்று ஆடுகள் படுத்திருந்தன. மழை நின்றுவிட்டது, ஆனால் எல்லா வீட்டு ஓட்டு விளிம்புகளும் சொட்டிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில். தண்ணீருக்கு அந்தப் பக்கம், துறைமுகத்தில், ஒரு கப்பல் ஒரு தடவை ஊதிவிட்டு ஓய்ந்தது. மட்டாஞ்சேரியில் இப்படி ஒரு காலை வருடத்துக்கு இரண்டோ மூன்றோ வரும். தூக்கம் முடிந்த பிறகும் தூக்கத்துக்குள்ளேயே நடமாடுவது போல இருக்கும்.

கீழே ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருந்தது. இடைவெளியில் பல்பு வெளிச்சமும் இரண்டு செருப்புக் கால்களும் தெரிந்தன. மெக்கானிக் வந்துவிட்டார். நான் முகம் கழுவிக்கொண்டு இறங்கிப் போனேன்.

உள்ளே ஜாக்கியின் மேல் நின்றது டீச்சரின் கார். டீச்சர் என்றால் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். மூன்று வீடு தள்ளி இருக்கிறார். நாலு தலைமுறைக்கு முன்பு இங்கே வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம். அவர் பள்ளிக்கு இருப்பது ஒரே கார், வெள்ளை நிறம், கூரையில் சிவப்பு எல் எழுத்து, டீச்சர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அந்தக் காரில் படித்த ஒன்பது பேருக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஐம்பத்தேழு வயதில் கார் பழக வந்திருந்த நானும் அந்த ஒன்பதில் ஒருத்தி. மதுரையில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த வருடங்களில் எனக்குப் பேருந்தே போதுமாக இருந்தது.

இரண்டு நாள் முன்பு இன்ஜினிலிருந்து தண்ணீர் கசிகிறது என்று டீச்சர் காரைக் கொண்டுவந்து விட்டார். மெக்கானிக் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். தண்ணீர் பம்பைவிடப் பெரிய தொல்லை உள்ளே இருந்தது. டைமிங் பெல்ட்டில் ஆயில் ஊறி, ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. இன்ஜினின் கீழே இருக்கும் கிராங்க் பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது. மேலே இருக்கும் இரண்டு கேம்ஷாப்ட்கள் வால்வுகளைத் திறந்து மூடுகின்றன. கீழும் மேலும் ஒரே தாளத்தில் ஓடுவது அந்த ஒரு ரப்பர் பெல்ட்டின் பற்களால்தான். ஓடும்போது அது அறுந்தால், மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வை அடிக்கும். அத்தோடு இன்ஜின் போச்சு. டீச்சருக்கு வேறு கார் கிடையாது.

“இத வச்சுக்கிட்டு டெஸ்டு மைதானத்துக்குப் போக விடமாட்டேன் இத்தா,” என்று மெக்கானிக் டீச்சரிடம் அன்றே சொல்லிவிட்டார். அவர் கம்பத்துக்காரர். இங்கே வந்து பத்தொன்பது வருடம். எறணாகுளத்துக் கடையிலிருந்து புது பம்பும் புது பெல்ட்டும் முந்தின நாள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தன. மீதி இருந்தது ஹர்த்தால் நாள் ஒன்றுதான். அந்த ஒரு பகலில் பெல்ட் மாட்டப்பட வேண்டும். காரும் எங்களுக்குப் பழகின காராகவே இருக்க வேண்டும்.

“அக்கா, உங்க வீட்டுல ஒயிட்னர் இருக்குமே?” என்றார் என்னைப் பார்த்ததும்.

இருந்தது. காய்ந்துபோகாத ஒரு சீசாவும், காகிதக் கட்டுகளைப் பிடிக்கும் கறுப்பு கிளிப்கள் நாலும் கொண்டுவந்தேன். பெல்ட்டைச் சக்கரத்தோடு சேர்த்துக் கவ்வி வைக்க அந்த கிளிப்பைப் போல வேறு எதுவும் உதவாது என்றார்.

அவருக்கு என்று ஒரு முறை இருந்தது. புத்தகத்தில் உள்ளதைத் தேடமாட்டார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கின் நுனியில் ஸ்பேனரைப் போட்டு, கையால் மெல்லச் சுற்றி, முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவருவார். அந்த நிலையில் பழைய பெல்ட்டின் மேல் மூன்று வெள்ளைப் புள்ளிகள் வைப்பார். கிராங்குக்கு நேரே ஒன்று, கேம்ஷாப்ட் நுனிகளில் இருக்கும் இரண்டு கேம் சக்கரங்களுக்கு நேரே ஒவ்வொன்று. அதே இடங்களில் சக்கரங்களிலும் புள்ளி. பிறகு பெல்ட்டைக் கழற்றி, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே எத்தனை பல் என்று எண்ணி, புது பெல்ட்டில் அதே கணக்குக்குப் புள்ளி வைத்து மாட்டுவார். பழையது எப்படி இருந்ததோ புதியதும் அப்படியே இருக்கும்.

கையால் சுற்றும்போது பிளக் துளைகளிலிருந்து காற்று வெளியே வந்தது. ஒவ்வொரு துளையாக, நீளமாக. ஷட்டருக்கு வெளியே சொட்டும் தண்ணீரும் உள்ளே இந்த மூச்சும் தவிர வேறு ஒலியே இல்லை. இரும்புக்குள் யாரோ நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று சொன்னால் அந்த நேரத்தில் நம்பியிருப்பேன்.

ஆறே முக்காலுக்கு டீச்சர் பிளாஸ்கில் சாயாவோடு குனிந்து உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும். தலையை மூடிய தட்டத்தை இறுக்கிச் செருகியிருந்தார்.

“என்ன அண்ணே, பொண்ணு பார்க்க வந்த மாதிரி சுத்திச் சுத்திப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க?”

“அவசரப்பட்டா நாளைக்கு ஒம்பது பேரையும் ஆட்டோவுல வச்சுத்தான் நீங்க எச் எடுக்கணும் இத்தா.”

“ஆட்டோவுல எடுத்தாலும் இந்தச் சேச்சி கம்பியத்தான் இடிக்கும்.” என்னைச் சொன்னார். உண்மைதான். எச் என்பது அந்த எழுத்தின் வடிவத்தில் கம்பி நட்ட பாதை. முன்னாலும் பின்னாலும் ஊர்ந்து போய் வரவேண்டும். கம்பியில் பட்டாலும் தோல்வி, நடுவில் வண்டி அணைந்தாலும் தோல்வி. நான் இரண்டையும் செய்து பார்த்திருந்தேன்.

பெல்ட்டைக் கழற்றியதும் மெக்கானிக் தரையில் சாக்கு விரித்து அதைப் படுக்க வைத்தார். விரல் நுனியால் பல் பல்லாகத் தொட்டு எண்ணினார். பத்து வரை தமிழில் எண்ணினார், அதற்கு மேல் அவரை அறியாமல் மலையாளத்துக்கு மாறினார். “பதினொந்நு, பந்த்ரண்டு, பதிமூந்நு…” மூன்று தடவை எண்ணினார், மூன்று தடவையும் ஒரே கணக்கு. டீச்சர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, எண்ணிக்கையைக் கேட்டபடியே சற்றுக் கண் அயர்ந்தார். எனக்கும் கண் சொருகியது. தூக்கம் வராமல் இருக்க, கையில் ஒரு பழைய பல் துலக்கியை எடுத்துக்கொண்டு, இடப்பக்கத்துக் கேம் சக்கரத்தில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அழுக்குப் படிந்த எழுத்தைக் கண்டால் துடைத்துப் பார்க்கும் பழக்கம்.

சக்கரத்தின் விளிம்பில் ஒரு சிறிய குழிப் புள்ளி இருந்தது. அதன் மேல்தான் அவர் வெள்ளை வைத்திருந்தார். பிசுக்கு போனபோது அதற்குப் பக்கத்தில், சரியாக ஒரு பல் தள்ளி, இன்னொன்று தெரிந்தது. மெல்லிய கோடு. உளியால் கீறியது போல நேராக இருந்தது.

“அண்ணே, இங்க ஒரு கோடும் இருக்கே?”

“அது சும்மா வார்ப்புக் கோடா இருக்கும்க்கா.”

“வலது சக்கரத்துலயும் இருக்கு. அதுல நீங்க வெள்ளை வச்சிருக்கறதே கோட்டு மேலதான். புள்ளி தனியா இருக்கு.”

அவர் எழுந்து வந்தார். கைவிளக்கை அருகில் பிடித்தார். ஒரு சக்கரத்தில் வெள்ளை இருந்தது குழிப் புள்ளியில், மற்றதில் கோட்டில். என் மேசையில் பக்கம் அளக்கும் இரும்பு அடிக்கோல் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து இரண்டு சக்கரங்களின் நடு அச்சுகளின் மேலும் படும்படி வைத்தோம். கோடுதான் குறி என்றால் இரண்டு கோடுகளும் அந்தக் கோலைத் தொட வேண்டும் என்று அவரே சொன்னார். வலது தொட்டது. பெல்ட் கழன்றதில் இடது சக்கரம் கொஞ்சம் அசைந்திருந்ததால், அதன் வெள்ளைப் புள்ளி முன்பு நின்ற இடத்துக்குத் திருப்பி வைத்தார். கோலைத் தொட்டது குழிப் புள்ளி. கோடு ஒரு பல் கீழே நின்றது.

அவர் கைவிளக்கை என்னிடம் கொடுத்தார். போனை எடுத்து இரண்டு சக்கரங்களையும் படம் பிடித்தார். காக்கநாட்டில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் பழைய சிநேகிதருக்கு அனுப்பினார். ஹர்த்தால் என்பதால் அந்த மனிதர் வீட்டில் படுத்திருந்திருக்க வேண்டும். ஏழு நிமிடத்தில் குரலாகவே பதில் வந்தது. அதை அவர் எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார்.

“டேய், ரெண்டுலயும் கோடுதான்டா பார்க்கணும். புள்ளி வேற இன்ஜினுக்கு உள்ளது. ஒரே சக்கரத்த ரெண்டு மாடலுக்கும் போடுறான். புள்ளியில யாரு வச்சான்? அவன் கையில ஸ்பேனரக் குடுக்காத.”

டீச்சர் வாளியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யாரு வச்சது அண்ணே?”

“நான்தான் இத்தா. மூணு வருசம் முன்னாடி. இதே பெல்ட்டு.”

ஒரு மெய்ப்பைக் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிடாமல் முந்தைய மெய்ப்போடு ஒப்பிட்டால், பழைய பிழை மறுபடியும் சுத்தமாக அச்சாகும். பல முறை பார்த்திருக்கிறேன். நான் பிசுக்கைத் துடைக்காமல் இருந்திருந்தால் அவர் மூன்று தடவை எண்ணிய கணக்கு அந்தப் பிழையை இன்னும் மூன்று வருடத்துக்குக் கொண்டுபோயிருக்கும்.

“ஒரு பல்லுக்கு என்ன ஆகும்?” என்று டீச்சர் கேட்டார்.

“ஓடும். இடிக்காது. ரெண்டு பல்லு தள்ளினாத்தான் இடிக்கும். ஆனா ஸ்லோவுல வலு இருக்காது. நடுங்கும். கிளட்ச விட்டதும் ஆஃப் ஆகும்.”

அந்தக் காரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த எல்லாம் அதுதான். நின்ற இடத்தில் நடுங்கும் வண்டி என்பது எங்கள் எல்லோருக்கும் பாடமாகியிருந்தது. மீட்டரில் எப்போதும் எரியும், இன்ஜின் கோளாறு காட்டும் மஞ்சள் விளக்கின் மேல் டீச்சர் ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். முதல் நாளே அவர் சொல்லிக் கொடுப்பது, “வலது கால்ல ஆக்சிலேட்டரக் கொஞ்சம் அமுக்கிக்கிட்டே கிளட்ச்லேர்ந்து இடது கால விடணும், இல்லேன்னா இவ செத்துப்போவா,” என்பதுதான். மூன்று வருடமாக அவரிடம் வந்த எல்லோரும் அப்படித்தான் பழகினோம். ஒவ்வொரு டெஸ்டிலும் ஒன்பது பேரில் ஆறோ ஏழோ பேர் தேறுவார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் வண்டி அணைந்து தோற்றவர்கள்.

டீச்சர் காரின் கூரையில் இருந்த எல் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இத்தா, நான் ஒண்ணு சொல்றேன். இப்ப பழையபடி புள்ளியிலயே மாட்டித் தரேன். நாளைக்கு டெஸ்டு முடியட்டும். பசங்களுக்குப் பழகின வண்டி. டெஸ்டு முடிஞ்சு கொண்டுவாங்க, கழட்டிச் சரியாக்கறேன். என் செலவு.”

“சரியா மாட்டினா?”

“வண்டி மாறிப்போகும். கால வச்சதும் இழுக்கும். ஆறு மணி வரைக்கும் ரோட்டுல எடுக்க முடியாது. பசங்க ஓட்டிப் பார்க்க நேரமில்ல.”

அப்போது வெளியே ஸ்கூட்டர் ஒன்று நின்றது. ஷட்டரின் கீழ் இரண்டு ஜோடிச் செருப்புகளும் ஒரு கொடியின் நுனியும் தெரிந்தன.

“ஏட்டா, இன்னு ஹர்த்தாலா. ஷட்டர் தாழ்த்து.” ஹர்த்தால் நடத்தும் கட்சிக்காரர்கள், ஷட்டரை இறக்கச் சொன்னார்கள்.

“கட துறந்நிட்டில்லல்லோ,” என்றார் மெக்கானிக். கடை திறக்கவே இல்லையே என்று. “இது ஆபரேஷன் தியேட்டராணு.”

“ஆர்க்கா ஆபரேஷன்?” ஒரு இளைஞன் குனிந்து உள்ளே பார்த்தான். முகம் மாறியது. “அய்யோ, டீச்சரோ! ஏட்டா, பதுக்கெ செய்தா மதி, டீச்சரிண்டெ வண்டியா.” டீச்சர் வண்டியாயிற்றே, மெதுவாகச் செய்தால் போதும் என்று சொல்லிவிட்டு, தானே ஷட்டரைப் பிடித்து இறக்கினான். காற்று வர ஒரு சாண் விட்டான்.

டீச்சர் அந்த ஒரு சாணை நோக்கிக் கேட்டார்.

“நீ எத்தனாவது டெஸ்டுல பாஸானே?”

“ரெண்டாமத்தெ. ஆத்யத்தெதில் வண்டி ஓஃப் ஆயிப்போயில்லே, டீச்சர் என்னெ கொல்லான் வந்து!” முதல் தடவை வண்டி அணைந்துபோனதில் டீச்சர் தன்னைக் கொல்ல வந்தாராம். சிரித்துக்கொண்டே போனான். ஸ்கூட்டர் ஓசை கிடங்கு வளைவில் தேய்ந்து மறைந்தது. ஆடு ஒன்று கத்தியது.

டீச்சர் போனை எடுத்தார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை, அவரே சொன்னார். இரண்டு வருடம் முன்பு ஒரு பெண். நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலைக்கு லைசென்ஸ் கேட்டிருந்தார்கள். மூன்று தடவை டெஸ்ட், மூன்று தடவையும் அதே இடத்தில், பின்னால் எடுக்கும் திருப்பத்தில், வண்டி அணைந்தது. “கால்ல உணர்ச்சியே இல்லையா உனக்குன்னு கேட்டேன். எல்லார் முன்னாடியும். அப்புறம் வரல.”

மணி அடித்தது. எடுத்தது ஒரு ஆண் குரல். ஆலுவாவிலிருந்து பேசுவதாகவும், அந்த எண் தனக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது என்றும் மலையாளத்தில் சொன்னது. பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. டீச்சர் மன்னிப்புக் கேட்டு வைத்தார்.

பிறகு தட்டத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“கோட்டுல வைங்க அண்ணே.”

“நாளைக்கு டெஸ்டு இத்தா.”

“தெரியும். கோட்டுல வைங்க. இவ செய்யற தப்புக்கு இனி ஒரு ஆளையும் நான் திட்ட வேண்டாம்.”

மெக்கானிக் பெட்ரோல் டப்பாவை எடுத்தார். துணியில் பெட்ரோல் தொட்டு, தான் வைத்த வெள்ளைப் புள்ளிகளை எல்லாம் அழித்தார். பழைய பெல்ட்டைச் சுருட்டி மூலையில் போட்டார். எண்ணி வைத்திருந்த கணக்குக்கு இனி வேலை இல்லை.

அதன் பிறகு அவர் வேலை செய்த விதம் மாறியது. இப்போது பல்லை எண்ணவில்லை, குறிகளைத்தான் பார்த்தார். கிராங்கின் குறியை அடிப்பாகத்தில் இருந்த முள்ளுக்கு நேரே நிறுத்தினார். வலது கேம் கோட்டில் நின்றது. இடது கேமை ஸ்பேனரால் ஒரு பல் மேலே தூக்க வேண்டும். உள்ளே வால்வுகளின் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். கொஞ்சம் தூக்கினார், அது நழுவிப் பழைய இடத்துக்கே போனது. மறுபடியும் தூக்கினார். “மூணு வருசம் படுத்த இடம், எந்திரிக்க மனசில்ல,” என்று டீச்சர் முணுமுணுத்தார். மூன்றாவது தடவை கோடு வந்து கோலைத் தொட்டது. “அக்கா, பிடிங்க.” நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டேன். என் கையின் வழியாக அந்த ஸ்பிரிங்கின் அழுத்தம் தெரிந்தது. நான் விட்டால் அது போய்விடும் என்பதும் தெரிந்தது. அவர் புது பெல்ட்டைக் கீழிருந்து ஏற்றினார். கிராங்கின் பற்களில் முதலில். பிறகு தொய்வில்லாமல் வலது சக்கரம், அங்கே ஒரு கிளிப். பிறகு குறுக்கே இடது சக்கரம், அங்கே இரண்டு கிளிப். பிறகு புதிதாக மாட்டிய தண்ணீர் பம்பைச் சுற்றிக் கீழே. கடைசியில் பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரை விட்டதும் தளர்ந்திருந்த பக்கம் விறைத்தது.

அடிக்கோலை வைத்துப் பார்த்தோம். இரண்டு கோடும் தொட்டன. மெக்கானிக் இன்னும் நம்பவில்லை. கிளிப்களை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பிஸ்டன் வால்வில் படுவதாக இருந்தால் கைக்கு ஒரு கெட்டியான தடை தெரியும். அதை மீறிச் சுற்றக் கூடாது. அவர் சுற்றினார். பிளக் துளைகளிலிருந்து மூச்சு வந்தது. டீச்சர் தன் மூச்சை அடக்கியிருந்தார். முதல் சுற்று. கோடுகள் மறுபக்கம் போய்த் தலைகீழாக நின்றன. இரண்டாவது சுற்று. மெல்லத் திரும்பி வந்து, ஒன்றை ஒன்று பார்த்தபடி, கோலின் விளிம்பில் நின்றன. மறுபடி இரண்டு சுற்று. மறுபடியும் அங்கேயே.

மூடிகள், பிளக்குகள், சக்கரம் எல்லாம் மாட்டி முடிக்க மணி ஒன்று நாற்பது ஆனது. டீச்சர்தான் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடத் தொடங்கியதை நான் சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். கூரையில் இருந்த எல் பலகை எப்போதும் சடசடக்கும். அன்று அது பேசாமல் இருந்தது. சாயா கிளாஸை மெக்கானிக் பானட்டின் ஓரத்தில் வைத்தார். கிளாஸில் இருந்த சாயாவில் ஒரு சிறிய வட்டம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் விளக்கு இன்னும் எரிந்தது. மெக்கானிக் இன்ஜினை அணைத்து, பழைய கோளாறுப் பதிவு அழியப் பாட்டரி ஒயரைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு மாட்டினார். பிறகு அது எரியவில்லை.

“இத்தா, என் மேல கோபமா?”

“மூணு வருசக் கோபத்த ஒரு நாள்ல பட முடியாது அண்ணே. தவணையில படறேன்.”

ஆறு மணி அடித்ததும் தெரு ஒரே சமயத்தில் எழுந்தது. ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. லாரி பின்வாங்கியது. ஆடுகள் நகர்ந்தன. ஆறேகாலுக்குள் ஒன்பது பேரையும் டீச்சர் படகுத்துறைக்குப் பக்கத்துத் திடலுக்கு வரவழைத்தார். காலி மண்ணெண்ணெய் டின்களை நட்டு ஒரு எச் போட்டார். தண்ணீரின் மேல் மழைக்கு முந்தைய வெளிச்சம் தேங்கி நின்றது. எது கரை எது நீர் என்று பிரியாத ஒரு வெளுப்பு. அதில் வெள்ளைக் கார் முன்னும் பின்னும் ஊர்ந்தது.

“வலது கால எடுங்க. முழுசா எடுங்க. ஒண்ணும் செய்ய வேண்டாம். அவளே போவா.” டீச்சர் ஒவ்வொருவரிடமும் இதைச் சொன்னார். மூன்று மாதம் எதைச் செய்யச் சொன்னாரோ அதைச் செய்யாதீர்கள் என்று.

ஓட்டலில் பாத்திரம் கழுவும் திண்டுக்கல்காரர் ஒருவர் எங்களில் இருந்தார். லைசென்ஸ் கிடைத்தால் அதே ஓட்டலின் டெலிவரி வண்டி அவருக்கு. அவர் கிளட்சை விட்டதும் கார் துள்ளிப் போய் இரண்டு டின்களை உருட்டியது.

“டீச்சர், இது நம்ம வண்டியே இல்ல. யாரோ மாத்திட்டாங்க.”

“மாத்தல. தூங்கிக்கிட்டிருந்துச்சு. கால எடுங்க அண்ணே!”

எடுக்க முடியவில்லை. யாராலும் முடியவில்லை. என் முறை வந்தபோது தலைக்குப் புரிந்தது, காலுக்குப் புரியவில்லை. வலது கால் தானாக இறங்கியது. கார் ஓடியது, டின் உருண்டது. இரண்டாவது சுற்றில் வலது காலைத் தூக்கிக் கால்மிதியின் மேல் வைத்துக்கொண்டேன். இடது காலை மட்டும் மெல்ல விட்டேன். கார் எந்த நடுக்கமும் இல்லாமல் புறப்பட்டது. யாரும் ஓட்டாத ஒன்றில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. திருப்பம் வந்தது, போனது. எதிரே தண்ணீரில் ஒரு படகு அதே வேகத்தில், அதே ஓசையின்மையோடு, எங்களோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது. பிரேக் போட வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோனது. டீச்சர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார்.

“தூங்கிட்டீங்களா சேச்சி?”

ஆளுக்கு மூன்று சுற்றுதான் கிடைத்தது. ஏழரைக்கு மழை பிடித்துக்கொண்டது. டீச்சர் டின்களைப் பொறுக்கி டிக்கியில் போட்டார். மெக்கானிக் சைக்கிளைப் பிடித்தபடி மழையில் நின்று கடைசி வரை இன்ஜின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்குக் கார் டெஸ்ட் மைதானத்துக்குள் நுழைந்தது. மழை விட்டிருந்தது. எங்கள் ஒன்பது பேரையும் வரிசையாகக் கூப்பிட்டார்கள். பத்தே காலுக்குள் முடிந்தது. இன்ஜின் ஒரு தடவைகூட அணையவில்லை. ஐந்து பேர் கம்பியில் இடித்தோம். நான்கு பேர் தேறினார்கள்.